கொசு உள்ளானா, டெம்மிங்க் உள்ளானா?

கேள்வி: ஏரி வற்றிய சேற்றோரம் சிட்டுக்குருவி அளவில் குட்டி உள்ளான்கள் (நீரோரப் பறவைகள்) வந்திருக்கின்றன. கால் மஞ்சளாக இருந்தால் டெம்மிங்க், கருப்பென்றால் கொசு உள்ளான்; ஆனால் கால் முழுக்கச் சேறு, நிறமே தெரியவில்லை. எப்படிப் பிரிப்பது?

பதில் 1: இரை தேடுவதைக் கவனியுங்கள். கொசு உள்ளான் திறந்த சேற்றில் ஓடி ஓடி விறுவிறுவென்று கொத்தும். டெம்மிங்க் புல்லோரமாகப் பதுங்கி, நிதானமாக நகரும். அதற்கு நெஞ்சு முழுக்கச் சாம்பல் படர்ந்திருக்கும். கொசு உள்ளானுக்கு நடுவில் வெள்ளை.

பதில் 2: பறக்கும்போது வாலோரம் டெம்மிங்கிற்கு வெள்ளை, மற்றதற்குச் சாம்பல். ஆனால் அதைப் பார்க்கவென்று விரட்டிவிடாதீர்கள், தயவுசெய்து! ஆர்க்டிக் பக்கமிருந்து பறந்து வந்தவை. இழந்த கொழுப்பைச் சேர்க்க நிம்மதியாகத் தின்ன வேண்டும். தானாக எழும்பும்வரை காத்திருங்கள்.

கேட்டவர்: சரி, காத்திருந்தேன். புல்லோரம் நின்ற ஒன்று தண்ணீரில் இறங்கியது, சேறு கழுவிப்போய்க் கால் மஞ்சளாகத் தெரிந்தது. டெம்மிங்க்தான்!