இடுப்பில் அரிப்பு: வேர்க்குருவா, படர்தாமரையா, சிரங்கா?

தறிவீடு
வேட்டி கட்டும் இடத்திலும் தொடை இடுக்கிலும் 5 வாரமாக அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமைப் போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது, விட்டால் முன்னைவிடப் பெரிதாகப் படர்கிறது. இப்போது வீட்டில் அவங்களுக்கும் அரிக்கிறதாம். வேர்க்குருவா, அலர்ஜியா, படர்தாமரையா? எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

மருந்தாளுநர்
முதலில் ட்யூபைத் திருப்பிப் படியுங்கள் சார். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கும்; படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைத் தொடாது. தோலின் எதிர்ப்பு அடங்கிவிடுவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 'போட்டால் அடங்குது, விட்டால் படருது' என்பதே முக்கால்வாசிப் பதில். தொடை இடுக்கில் தோல் மெல்லியது. தொடர்ந்து தடவினால் வரி வரியாகக் கோடு விழும், அது அழியாது.

தோல்நோய்
வேர்க்குரு 5 வாரம் ஒரே இடத்தில் வட்டமாகப் படராது. அடைபட்ட வியர்வைத் துளைகளில் ஒரே அளவில் பொடிப் பொடியாக வரும், உடம்பு குளிர்ந்தால் சில நாளில் அமுங்கிவிடும். படர்தாமரைக்கு ஓரம்தான் அடையாளம்: விளிம்பு தடித்துச் செதில் உதிரும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். ஆனால் ஸ்டீராய்டு அந்த விளிம்பையே அழித்துவிடும், பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அப்போது விளிம்பிலிருந்து (நடுவிலிருந்து அல்ல) செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

பூஞ்சை என்று உறுதியானால், பூஞ்சை க்ரீமைத் தடிப்புக்கு வெளியே 2 செ.மீ. வரை சேர்த்துத் தடவுங்கள். தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் விடாதீர்கள். அரிப்பு நின்றதும் நிறுத்துகிறவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது. துண்டு ஆளுக்கொன்று. ஈர உள்ளாடை வேண்டவே வேண்டாம்.

கவரிங் நகை, பெல்ட் பக்கிள் ஒவ்வாமை என்றால் உலோகம் பட்ட இடத்தோடு நிற்கும். தோலில் பட்ட ஓரிரு நாள் கழித்தே தெரியும்.

செவிலி
வீட்டில் இருவருக்கும் என்றால் சிரங்கையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி படுத்தபின் அரிப்பு கூடுகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்குறியில் சின்னக் கொப்புளமோ மெல்லிய கோடோ உண்டா? அந்தக் கோடு, சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி தோலுக்குள் குடைந்த வழி.

சிரங்குதான் என்று டாக்டர் சொன்னால் பெர்மெத்ரின் 5% க்ரீம், பெரியவருக்கு ஏறக்குறைய 30 கிராம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண் உட்பட, ராத்திரி தடவி 8 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் குளிக்க வேண்டும். 7 நாள் கழித்து மறுபடியும். வீட்டில் எல்லாரும் அதே ராத்திரி, அரிப்பு இல்லாதவரும்தான்: முதல் தடவை தொற்றினால் அரிப்புத் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். துணி, போர்வையைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். பூச்சி செத்தபிறகும் 2, 3 வாரம் அரிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் தடவிப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

தறிவீடு
ட்யூபில் க்ளோபெட்டசால் இருக்கிறது, கூட ஏதோ இரண்டு பெயர். விரல் இடுக்கில் ஒன்றுமில்லை. திடீரென்று தடித்து மறையும் காணாக்கடி?

தோல்நோய்
தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். காணாக்கடி என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் காலியாகி வேறிடத்தில் கிளம்பும். உங்களுடையது நகராமல் படர்கிறது, காணாக்கடி இல்லை.

கூட இருக்கும் இரண்டில் ஒன்று பூஞ்சை மருந்தாக இருந்தால் சுரண்டிப் பார்த்தாலும் பூஞ்சை தெரியாமல் போகலாம். அதனால் ட்யூபை எறிந்துவிடாமல் டாக்டரிடம் கையோடு கொண்டுபோங்கள். அவங்களையும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.