ஓய்வுக்குப் பின் திரும்பும் ஹெவிவெயிட் வீரர்கள்: ஃபோர்மனை முன்னுதாரணமாகக் கொள்ளலாமா?

பத்தாம் சுற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரியில், அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டின் முன்னாள் உலகச் சாம்பியன் டைசன் ஃப்யூரி ஓய்வை அறிவித்த நாளிலிருந்து, அவர் மீண்டும் மேடையேற வேண்டும் என்று விரும்பும் நண்பர்கள் அனைவரும் தவறாமல் ஜார்ஜ் ஃபோர்மனின் பெயரையே சான்றாகச் சொல்கிறார்கள். 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகஸில் அன்றைய சாம்பியன் மைக்கேல் மூரரை வீழ்த்தி, 45 வயதில் ஃபோர்மன் உலகப் பட்டத்தை மீட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் வரலாற்றின் மறுபக்கம் மிகவும் கனமாக இருக்கிறது. ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜிம் ஜெஃப்ரிஸ் 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜாக் ஜான்சனிடம் 15ஆவது சுற்றில் வீழ்ந்தார். 25 முறை பட்டத்தைக் காத்த ஜோ லூயிஸ், வரிக்கடனை அடைப்பதற்காகத் திரும்பி வந்து, 1951இல் ராக்கி மார்சியானோவிடம் எட்டாவது சுற்றில் சாய்ந்தார். ஃபோர்மனிடம் இருந்த, ஆனால் இவர்களிடம் இல்லாத அம்சம் எது? அதோடு இன்னொன்றும் என்னை உறுத்துகிறது: பெரிய பெயர் ஒன்று திரும்பி வரும்போது, முறையாக வென்று வரிசையில் நிற்கும் சவாலாளருக்கு என்ன நேர்கிறது?

வளையத்தருகே எழுதியது:

நல்ல கேள்வி. மூரர் போட்டியை மட்டும் பார்த்தால் அது ஓர் அற்புதம் போலத் தோன்றும். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் காரணம் புரியும். 1977இல் ஜிம்மி யங்கிடம் தோற்ற பிறகு ஃபோர்மன் குத்துச்சண்டையை விட்டு விலகி ஹூஸ்டனில் மதபோதகரானார். பத்து ஆண்டுகள் அவருடைய தலையில் ஒரு குத்துகூட விழவில்லை. 1987 மார்ச்சில் சாக்ரமென்டோவில் திரும்பியபோது அவருடைய உடல் எடை 120 கிலோவைத் தாண்டியிருந்தது, பலர் சிரித்தார்கள். அவர் பட்டத்துக்கு அவசரப்படவில்லை. பெயர் தெரியாத எதிராளிகளில் தொடங்கி, படிப்படியாக எடையைக் குறைத்து, 1990இல் ஜெர்ரி கூனியை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தும் அளவுக்கு வந்த பிறகுதான், 1991 ஏப்ரலில் இவாண்டர் ஹோலிஃபீல்டுடன் 12 சுற்றுகள் நின்று புள்ளிகளில் தோற்றார். அந்தத் தோல்வியில்தான் உலகம் அவரை மீண்டும் மதிக்கத் தொடங்கியது என்பது என் கருத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அவருடைய சண்டை முறை. இளமையிலும் அவர் கால்களை நம்பி வாழ்ந்தவர் அல்லர். மேடையின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, கனமான ஜாபால் (முன்னே நீட்டிய கையால் நேராகப் போடும் குத்து) எதிராளியைத் தள்ளி, ஒரே வலக்கைக் குத்துக்காகக் காத்திருப்பவர். வேகம் போன பிறகும் குத்தின் கனம் போகாது. மூரருக்கு எதிராக ஒன்பது சுற்றுகள் அடிவாங்கி, புள்ளியிடும் மூன்று நடுவர்களின் அட்டைகளிலும் பின்தங்கியிருந்தவர், பத்தாவது சுற்றில் ஒரு ஜாபையும் அதைத் தொடர்ந்து ஒரு குறுகிய வலக்கைக் குத்தையும் போட்டார். 26 வயதான, அதுவரை தோல்வியே அறியாத மூரர் எழுந்திருக்கவில்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு கின்ஷாசாவில் முகமது அலியிடம் தோற்றபோது அணிந்திருந்த அதே சிவப்புக் காற்சட்டையைத்தான் அன்றும் அணிந்திருந்தார். கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி இந்த முறை அவருடைய மூலையில் நின்றார். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஃப்யூரியின் கலை இதற்கு நேர் எதிரானது. 206 செ.மீ. உயரமுள்ள மனிதர் ஒருவர் இடைவெளியைக் கணித்து, நழுவி, எதிராளியைத் தவறவைப்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. அது கால்களையும் கண்களையும் நம்பிய கலை. மன அழுத்தத்திலிருந்து மீண்டு 2018இல் அவர் திரும்பியதும், இரண்டே சிறிய போட்டிகளுக்குப் பின் அப்போதைய சாம்பியன் டியான்டே வைல்டரை எதிர்கொண்டு 12ஆவது சுற்றில் தரையிலிருந்து எழுந்ததும் மகத்தானவை. ஆனால் அப்போது அவருக்கு வயது 30.

பழைய நாளிதழ் எழுதியது:

முந்தைய நண்பர் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எனினும் கால்களை நம்பியவர் திரும்ப முடியாது என்பதை முழு விதியாக எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. முன்னாள் உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸின் ஆட்டம் முழுவதும் ஜாபும் கால்களும்தான். 1988இல் மைக் டைசனிடம் நான்காவது சுற்றில் நசுங்கிப்போனவர், 1992 பிப்ரவரியில், 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் தோல்வியே காணாதவருமான ரே மெர்சரைப் புள்ளிகளில் வென்றார். கால்கள் ஓய்ந்துவிட்டன என்பதை அவர் மறைக்கவில்லை. மூலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மெர்சரை உள்ளே வரவிட்டு, அங்கிருந்தபடியே எதிர்க்குத்துகள் போட்டார். மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு ஒரு வழி இருக்கிறது.

இனி, கேள்வியின் இரண்டாம் பகுதி. அதை யாரும் தொடுவதில்லை என்பதே எனக்கு வருத்தம். ஃபோர்மனுக்கு மூரருடன் மோதும் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? 1993 ஜூனில் டாமி மாரிசனிடம் தோற்றிருந்தார். அதன் பின் ஏறத்தாழ 17 மாதங்கள் அவர் சண்டையே போடவில்லை. உலகக் குத்துச்சண்டைச் சங்கமான டபிள்யூ.பி.ஏ. அனுமதி தர மறுத்தபோது, அவர் நெவாடா நீதிமன்றம் சென்று அதைப் பெற்றார். பட்டம் வென்ற பிறகு, வரிசையில் நின்ற சவாலாளர் டோனி டக்கருடன் மோத மறுத்ததால் டபிள்யூ.பி.ஏ. பட்டம் பறிக்கப்பட்டது. ஜெர்மனியின் ஆக்சல் ஷுல்ஸை 1995 ஏப்ரலில் வென்றதாக அளிக்கப்பட்ட தீர்ப்பு கடுமையான சர்ச்சைக்கு உள்ளானது. மூரரிடம் வென்ற இன்னொரு பட்டத்தின் அமைப்பான ஐ.பி.எஃப். (சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) மறுபோட்டிக்கு உத்தரவிட்டபோது அவர் அதற்கும் இணங்காமல் அந்தப் பட்டத்தையும் விட்டுவிட்டார். நாம் கொண்டாடும் அந்த இரவுக்கான விலையை டக்கரும் ஷுல்ஸும் கொடுத்தார்கள்.

முன்னாள் சாம்பியன் விட்டாலி கிளிட்ச்கோவின் நிலையும் இதை ஒத்ததே. 2005இல் காயங்களால் விலகியபோது உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலான டபிள்யூ.பி.சி. அவருக்கு அளித்த கௌரவ நிலை, திரும்பியவுடன் நேராகப் பட்டப் போட்டியில் இறங்க வழிசெய்தது. 2008 அக்டோபரில் பெர்லினில் சாமுவேல் பீட்டரை எட்டுச் சுற்றுகளில் முடித்து அந்தச் சலுகைக்குத் தகுதியானவர் என்று அவர் நிரூபித்தார். ஆனால் சலுகை சலுகைதான்.

வரிசையில் காத்திருக்கும் சவாலாளருக்குச் சான்றாக, முன்னாள் சாம்பியன் ஜோசஃப் பார்க்கரை நினைத்துப் பாருங்கள். பட்டத்தை ஆன்டனி ஜோஷுவாவிடம் இழந்து, 2022இல் ஜோ ஜாய்ஸிடம் வீழ்ந்து, அனைவரும் கைவிட்ட நிலையில் வைல்டரையும் ஜாங் ஜிலேயையும் அடுத்தடுத்து வென்றார். ஓய்வு என்ற சொல்லே இல்லாமல் உள்ளிருந்தபடியே நடந்த மீட்சி அது. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி அனைத்துப் பட்டங்களையும் ஒன்றுசேர்த்த ஒலெக்சாண்டர் உசிக்குடன் மோதக் காத்திருந்து, அது நடக்காமல் அக்டோபரில் ஃபாபியோ வார்ட்லியுடன் மோதி, 11ஆவது சுற்றில் எல்லாவற்றையும் இழந்தார்.

பத்தாம் சுற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஷுல்ஸ் போட்டியை நான் மறந்தே போயிருந்தேன். ஃப்யூரி திரும்பினால் ஹோம்ஸைப் போலத் தம் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள ஒப்புவாரா என்றுதான் இனி கேட்க வேண்டும் போலிருக்கிறது. அதைவிட, முதலில் ஏதேனும் ஒரு சவாலாளரை வென்றுவிட்டுத்தான் பட்டத்தைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை நியாயமாகப் படுகிறது.

முதல் மணி எழுதியது:

நிபந்தனையை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் அது சவாலாளரை மட்டும் காப்பதற்கானது அன்று. 1980 அக்டோபர் 2 அன்று நடந்த போட்டியின் பதிவைப் பார்த்தவர்கள் இதை உணர்வார்கள். ஓய்விலிருந்து திரும்பிய 38 வயதான அலி தலைமுடிக்குச் சாயம் பூசி, எடையை வேகமாகக் குறைத்து, பார்வைக்கு 1974இன் அலியைப் போலவே மேடையேறினார். தைராய்டு மருந்து அவருடைய உடலை உள்ளிருந்து வற்றச் செய்திருந்தது. பத்துச் சுற்றுகளிலும் ஒன்றைக்கூட அவர் வெல்லவில்லை. எதிரில் நின்றவர், ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்த, அப்போதைய சாம்பியன் ஹோம்ஸ். ஓங்கி அடிக்க மனம் வராமல், நிறுத்துமாறு நடுவரைப் பார்த்துக்கொண்டே அவர் அடித்தார். கடைசியில் டண்டிதான் போட்டியை முடித்துவைத்தார்.

இடையில் ஒரு போட்டியை வைத்திருந்தால், தகுதியுள்ள ஓர் எளிய எதிராளியே அலியின் நிலையை அம்பலப்படுத்தியிருப்பார். ஃபோர்மனின் ஏழு ஆண்டுகள் செய்தது அதைத்தான்: அவரிடம் எது எஞ்சியிருக்கிறது என்பதை அவருக்கும் பிறருக்கும் அவை காட்டின. அலிக்கோ மருத்துவப் பரிசோதனை ஒன்று நடந்து, உரிமம் வழங்கப்பட்டு, நேராக உலகச் சாம்பியன் முன் நிறுத்தப்பட்டார். அதற்குப் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸ் நாட்டின் நசாவ் நகரில் ட்ரெவர் பெர்பிக்குடன் மேலும் பத்துச் சுற்றுகள் ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது.