தலிடோமைட் கதையை வகுப்பில் இப்படியே சொல்லலாமா?

கந்தர்மடம் மருந்தாளர்:
கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட தலிடோமைட் என்ற மருந்தால் பல குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்தனர். உயர்தரத்தில் இரசாயனம் படிக்கும் என் மகளின் கொப்பியில், ஒன்றுக்கொன்று ஆடி விம்பமாக அமைந்த அதன் இரு வடிவங்களுள் வலக்கை வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் அக்குழந்தைகள் குறையின்றிப் பிறந்திருப்பர் என்ற வரி சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டிருந்தது. இது பிழை. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் மீளப்பெறப்பட்ட அம்மருந்தின் எதிருருக்கள் எனப்படும் அவ்விரு வடிவங்களுள் எதை விழுங்கினாலும், உடலுக்குள் அது மற்றதாகவும் மாறிவிடுகிறது.

நல்லூர் ஆசிரியர்:
நானும் பல வருடங்களாக அக்கொப்பியில் உள்ளவாறே கற்பித்து வருகிறேன். கடைச் சங்கொன்றையும், அசல் வலம்புரி வாங்க வசதியில்லாததால் களிமண்ணில் நானே பிடித்த வலம்புரியையும் மேசையில் வைத்து, எப்படித் திருப்பினாலும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா என்று காட்டியபின் இக்கதையைச் சொன்னால்தான் ஆடி விம்பம் என்பது பிள்ளைகளின் மனத்தில் பதிகிறது.

கந்தர்மடம் மருந்தாளர்:
ஐயா, அந்தச் சங்குதான் இவ்விடத்தில் வழிதவற வைக்கிறது. சங்கின் சுருள் மாறாது. தலிடோமைட்டில் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இணைந்த சமச்சீரற்ற காபனிலுள்ள ஐதரசனோ அருகிலுள்ள காபனைல் (C=O) கூட்டத்தால் தளர்ந்திருப்பதால், குருதியில் எளிதாகக் கழன்று, அக்காபன் தட்டையாக நிற்கும் அக்கணத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். சில மணித்தியாலங்களில் இரு வடிவங்களும் கலந்தே இருக்கும்.

நல்லூர் ஆசிரியர்:
அப்படியாயின், 1848இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் தார்த்தாரிக் அமில உப்பின் ஆடி விம்பப் பளிங்குகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்ததில் தொடங்கிய உழைப்பெல்லாம் மருந்துக்கு உதவாது என்று மாணவர் எண்ணிவிடமாட்டார்களா?

கந்தர்மடம் மருந்தாளர்:
மூலக்கூற்றுக்கு மூலக்கூறு வேறுபடும் என்றே அவர்கள் எண்ண வேண்டும். பார்க்கின்சன் நோயாளருக்கு டோப்பாவின் இடக்கை வடிவமான எல்-டோப்பா மட்டுமே கொடுக்கப்படுகிறது; அந்த ஒரு கையை மட்டும் ஆக்கும் வழியைக் கண்ட வில்லியம் நோல்ஸ் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நான் நாள்தோறும் எண்ணிக் கொடுக்கும் இபுபுரூஃபன் வில்லைகளிலோ இரு வடிவங்களும் உள்ளன. வலி தணிக்காத வடிவத்தின் பெரும்பகுதியை உடலே வலி தணிக்கும் வடிவமாக மாற்றிக்கொள்கிறது.

நல்லூர் ஆசிரியர்:
எல்-டோப்பாவைச் சேர்த்துக்கொள்கிறேன். தலிடோமைட்டை மட்டும் கைவிடமாட்டேன், ஏனெனில் இப்பாடத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுவே. காபனைல் சேர்வைகளில் அல்பா ஐதரசனை, அதாவது காபனைலுக்கு அடுத்த காபனிலுள்ள ஐதரசனை, கற்பிக்கும் நாளில் அக்கதையை மீண்டும் எடுத்து, முதலில் எழுதிய வரியை அவர்களைக் கொண்டே வெட்டுவிப்பேன்.

கந்தர்மடம் மருந்தாளர்:
இரண்டுக்கும் இடையில் எத்தனை மாதங்கள், ஐயா? இடையில் வகுப்பை விட்டு நிற்கும் பிள்ளையிடம் வெட்டப்படாத வரிதானே இருக்கும்? முதல் நாளிலேயே சரியாக எழுதுவியுங்கள்.