ட்ரையல் பார்க்கும் செலவு யார் தலையில்?

சிஎன்சி செட்டர் (கம்ப்யூட்டர் மெஷினில் ஜாப்பை அமைத்துக் கொடுப்பவர்):
சின்னப் பட்டறைகளில் மெஷின் ஓட்டும் ஆபரேட்டர், வேலையை மேம்படுத்த யோசனை சொல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் கூலிக் கணக்குதான். சுவர் மெல்லிய புஷ்ஷை (குழாய் போன்ற பாகம்) சக்கின் மூன்று ஜாவில் (பிடிக்கும் தாடை) இறுக்கிப் போர் அடித்தால் (உள் துளையைக் கடைந்தால்) மெஷினில் அளவு சரியாக இருக்கும். கழற்றியதும் ஓவாலிட்டி காட்டும், அதாவது துளை சரியான வட்டமாக இருக்காது. அகலமான சாஃப்ட் ஜா (கடைந்து வடிவம் மாற்றக்கூடிய தாடை) போட்டு, ஜாப்பின் வெளி விட்டத்துக்கே அதைப் போர் அடித்து, சக் பிரஷரையும் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தினமும் கேஜ் பிடித்து அளவு பார்க்கிற ஆளுக்கு இது தெரியும். ஆனால் ஜா தயார் செய்ய மெஷினை நிறுத்தணும், இரண்டு மூன்று பீஸ் போகும். பீஸ் ரேட்டில் (செய்த எண்ணிக்கைக்குக் கூலி) அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது, போன பீஸுக்குப் பிடித்தம் வேறு. யார் தொடுவார்?

முதலாளி முன்கூட்டியே சொல்லிவிடணும்: ட்ரையல் நேரத்துக்கு அவரவர் சராசரிக் கூலி உண்டு, ஐந்து பீஸ் வரை ஸ்கிராப் கம்பெனிக் கணக்கு. ஜாப் ஒர்க்கில் (கஸ்டமர் தரும் மெட்டீரியலில் கூலிக்குச் செய்யும் வேலை) அந்த மெட்டீரியலை ட்ரையலுக்குத் தொடவே கூடாது, நஷ்டத்தை நம் கணக்கில் பிடிக்கும் டெபிட் நோட் வரும். ஏற்கெனவே ரிஜெக்ட் ஆன பீஸ் போதும்.

பிரஸ் ஷாப்:
ட்ரையல் ஜெயித்த பிறகுதான் பெரிய தப்பு நடக்கிறது. 1969-இல் டொயோட்டாவில் ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகியோ ஷிங்கோ 1000 டன் பிரஸ்ஸின் டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றும் நேரத்தை 4 மணியிலிருந்து 90 நிமிடமாக்கி, பிறகு 3 நிமிடத்துக்கே கொண்டுவந்தார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலையைப் பிரித்து முன்னாலேயே முடித்து வைப்பதுதான் அடிப்படை. அடுத்த டை, போல்ட், ஸ்பேனர், ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) எல்லாம் டிராலியில் தயாராக நிற்கணும். இதை நம் ஆட்களே செய்துகாட்டுவார்கள். ஆனால் நேரம் குறைந்த மறுமாதமே பீஸ் ரேட்டைக் குறைத்தால் அந்தப் பட்டறையில் இன்னொரு யோசனை வராது. ஆறு மாதம் ரேட்டில் கை வைக்க மாட்டோம் என்று நோட்டீஸ் போர்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாய்வார்த்தையை யாரும் நம்புவதில்லை, நம்பவும் தேவையில்லை.

திருப்பூர் தையல் லைன்:
பனியன் கம்பெனியில் சிக்கல், ஒவ்வொரு மணி நேர உற்பத்தியையும் எழுதும் மணிக்கணக்கு போர்டு. ஃபிளாட்லாக் தையல் மெஷினில் புது ஃபோல்டர் (துணி ஓரத்தை மடித்துக் கொடுக்கும் பாகம்) மாட்டினால் கை பழகும்வரை உற்பத்தி இறங்கும். சூப்பர்வைசர் பயந்து மதியத்துக்குள் கழற்றிவிடுவார். ஃபோல்டர் மேல் குறையில்லை. சாம்பிள் செக்ஷன் மெஷினில் மாட்டி, அதே டெய்லரை இரண்டு நாள் தைக்கவிட்டு, பிறகு லைனுக்குக் கொண்டுபோங்கள். அந்த இரண்டு நாளும் லைன் டார்கெட்டில் அவரைச் சேர்க்காதீர்கள்.