இதயச் சுழற்சி: இரண்டு வால்வும் மூடியிருந்தால் ரத்தம் எங்கே போகும்?

கேள்வி:
தேர்வுக்கு இதயத்தை மறுபடி பார்த்துட்டிருக்கேன். பாகங்களின் பெயர் எல்லாம் தெரியும், வரிசைதான் இடிக்குது. இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) சுருங்க ஆரம்பிக்கும்போது, அதுக்கும் ஆரிக்கிளுக்கும் (மேலறை) நடுவிலுள்ள மைட்ரல் வால்வும் மூடியிருக்கு, ரத்தம் வெளியேறுற வழியிலுள்ள பெருந்தமனி வால்வும் மூடியிருக்குன்னு போட்டிருக்கு. அப்போ ரத்தம் எங்கே போகுது? இன்னொன்று: சுருக்கம் + ஓய்வு நேரம் நொடியில, ஆரிக்கிளுக்கு 0.1 + 0.7, வெண்ட்ரிக்கிளுக்கு 0.3 + 0.5. கூட்டினா 1.6 வருதே, ஒரு துடிப்பு 0.8 நொடிதானே?

பதில் 1:
எங்கேயும் போகாது. அந்தச் சில நூறில் ஒரு பங்கு நொடிகளில் அழுத்தம் மட்டும்தான் ஏறும். வால்வைத் திறப்பதும் மூடுவதும் அதன் இரு பக்க அழுத்த வித்தியாசம்தான், தசை இல்லை. வெண்ட்ரிக்கிள் அழுத்தம் ஆரிக்கிளைத் தாண்டியதுமே மைட்ரல் மூடிக்கொள்ளும், 'லப்' அதுதான். ஆனால் பெருந்தமனியில் ஏற்கெனவே 80 மி.மீ. பாதரசம் நிற்கிறது. அதைத் தாண்டும் வரை அந்தக் கதவு திறக்காது. தாண்டியதும் அழுத்தம் 120 வரை போகும். உள்ளிருக்கும் சுமார் 120 மி.லி.யில் 70 வெளியேறும், 50 தங்கிவிடும். பிறகு தசை தளர்ந்து அழுத்தம் பெருந்தமனி அழுத்தத்துக்குக் கீழே இறங்கும்போது பெருந்தமனி வால்வு மூடும், 'டப்' அதுதான். உடனே மைட்ரல் திறந்துவிடாது. அழுத்தம் ஆரிக்கிளுக்கும் கீழே வரும் வரை மறுபடி இரண்டும் மூடியேதான் இருக்கும். வால்வு திறக்கும் சத்தம் என்று எழுதிவிடாதீர்கள், நல்ல வால்வு சத்தமில்லாமல் திறக்கும்.

பதில் 2:
கூட்டாதீங்க. ஒரே 0.8 நொடிக்கு ரெண்டு கோடு, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா போடுங்க. முதல் 0.1 ஆரிக்கிள் சுருக்கம், அடுத்த 0.3 வெண்ட்ரிக்கிள் சுருக்கம், மீதி 0.4 ரெண்டுமே ஓய்வு. வெண்ட்ரிக்கிள் நிரம்புறது பெரும்பாலும் இந்த 0.4-லதான், 70–80 சதவீதம் தானா இறங்கிடும். ஆரிக்கிள் சுருக்கம் கடைசியா மிச்சத்தைத் தள்ளிவிடுது, அவ்வளவுதான். ஆரிக்கிள் ஒழுங்கா சுருங்காதவங்க ஓய்வா இருக்கும்போது பலர் சமாளிக்கிறது இதனாலதான். துடிப்பு வேகம் கூடும்போது அதிகமா குறையுறது ஓய்வு நேரம்தான். ரொம்ப வேகமானா நிரம்பவே நேரம் இருக்காது, வெளியேறுற அளவும் குறையும்.

பதில் 3:
வால்வை தசை திறப்பதில்லை என்றார்கள். வெண்ட்ரிக்கிள் உள்சுவரிலுள்ள பாப்பில்லரி தசையும் அப்படித்தான்: அது வால்வை மூடுவதில்லை. வால்வு இதழ்களோடு இணைந்த நாண்களை இழுத்துப் பிடித்து, மூடிய இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடாமல் தடுக்கிறது. விடைத்தாளில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் இது. வலது வெண்ட்ரிக்கிளில் உச்ச அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம்தான், அதனால் சுவர் மெல்லியது. ஆனால் வெளியேற்றும் அளவு இடப்பக்கத்துக்குச் சமம். குறைவு என்று எழுதினால் தவறு.

கேள்வி கேட்டவர்:
ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 75 துடிப்பு (60 ÷ 0.8): 70 × 75 = 5,250 மி.லி., அதாவது நிமிடத்துக்கு 5 லிட்டர் சொச்சம். உள்ளிருக்கிறதுல வெளியேறுற பங்கு 70/120 = 58 சதவீதம். சரியா?

பதில் 1:
சரி. ஆரிக்கிள் சுருங்கி முடிக்க அவகாசம் தருவது ஏ.வி. கணு (ஆரிக்கிளிலிருந்து வெண்ட்ரிக்கிளுக்குப் போகும் மின் சைகையைத் தாமதப்படுத்தும் பகுதி), சுமார் 0.1 நொடி தாமதம். கோட்டுப் படத்தில் அதையும் குறித்துவிடுங்கள்.