ஐந்து பேருக்கு ஒரே ஹீட்டர், உரிமையாளர் டைமர் வைத்துப் பூட்டிவிட்டார்

காலையில் மூன்றாவது ஆள் குளிக்கும்போதே பச்சைத் தண்ணீர்தான். வெந்நீரும் வாடகையில் சேர்த்திதான், ஆனால் கேட்டால் "கரண்ட் பில் யார் கட்டுவது" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில் 1: ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, பாருங்கள். இருந்தால் வாய்ப்பேச்சு வேண்டாம், எப்போதெல்லாம் நின்றது என்று குறித்துவைத்து எழுத்திலேயே கேளுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள், அது அவருக்குத்தான் வசதி.

பதில் 2: டைமர் மட்டும்தான் காரணமா? காயிலில் உப்புப் படிந்தாலும் சூடேற நேரமாகும். சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் குறைத்திருந்தால் அது வேறு வம்பு, நிமோனியா வரவைக்கும் லெஜியனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரும், தொட்டியில் 60 டிகிரி இருப்பதுதான் பாதுகாப்பு.

பதில் 3: ஒருவரே அரை மணி நேரம் ஷவரில் நின்றால் எந்தத் தொட்டியும் தாங்காது, அதையும் பாருங்கள்.

கேட்டவர்: அப்படி ஒருவர் இருக்கிறார்தான். சரி, முதலில் ஒப்பந்தத்தைத் தேடுகிறேன்.