பால் ஜாயின்ட்டை (முன் சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் குண்டு மூட்டு) வீட்டிலேயே மாற்றியவர்கள் வாருங்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

சென்னை – ஸ்விஃப்ட் டீசல்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். மெதுவாகப் போனால் பலமாகக் கேட்கும், நெடுஞ்சாலையில் காணாமல் போய்விடும். ஒரு பட்டறையில் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) என்றார்கள், இன்னொன்றில் ஸ்டீயரிங் ராக் என்றார்கள். இரண்டுமே பர்ஸைக் காலி செய்யும் பதில்கள். சரி, முதலில் நாமே பார்த்துவிடலாம் என்று வண்டியைத் தூக்கினேன்.

ஸ்விஃப்டில் வண்டியின் எடை ஸ்பிரிங், ஸ்ட்ரட் வழியாகப் போகிறது. கீழே இருக்கும் பால் ஜாயின்ட் எடையைச் சுமப்பதில்லை, சக்கரத்தை இடத்தில் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதனால் பாடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலே ஆட்டம் தெரிந்துவிடும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆடியது. ஆனால் வீல் பேரிங் போனாலும் இதே மாதிரிதான் ஆடும். மச்சினனை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பேரிங் ஆட்டமாக இருந்தால் பிரேக் பிடித்ததும் நின்றுவிடும். நிற்கவில்லை. லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஜாயின்ட் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணும் துருவும். பூட் கிழிந்துவிட்டால் அப்புறம் ஜாயின்ட் அதிக நாள் தாங்காது.

கம்பெனி உதிரிபாகம் கேட்டால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்துதான் வருகிறது. பழைய ஆர்மில் ஜாயின்ட்டை மட்டும் பிரஸ்ஸில் தள்ளிப் புதியது போட்டுத் தரும் பட்டறைகளும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜி.பி. ரோட்டில் ஆர்மையே முழுதாக வாங்கிவிட்டேன், புஷ்ஷும் (ஆர்ம் பாடியோடு சேரும் இடத்து ரப்பர்) புதிதாகக் கிடைத்துவிடுகிறது.

இனிதான் வேலை. பின் சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை, ஹேண்ட்பிரேக், ஜாக்கி ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாதவர்கள் தயவுசெய்து ஹாலோ பிளாக் வைக்காதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள்.

ஜாயின்ட்டின் தண்டை நக்கிள் ஒரு கிளாம்ப் மாதிரி கவ்விப் பிடித்திருக்கும், குறுக்கே ஒரு பிஞ்ச் போல்ட். அந்த போல்ட் தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போகிறது. அதனால் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக வெளியே உருவ வேண்டும். முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன். போல்ட் வந்ததும் நக்கிளின் பிளவில் ஒரு உளியை லேசாகத் தட்டி விரித்து, ஆர்மைக் கடப்பாரையால் கீழே அழுத்தினால் தண்டு விடுபடும். அந்த நேரத்தில் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். சாயவிடாமல் கயிறு போட்டுக் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் இழுபட்டு, கியர்பாக்ஸ் எண்ணெய் தரையில்தான். பிரேக் ஹோஸும் இழுபடக் கூடாது.

புதிய ஆர்மை மாட்டுவது சுலபம். ஒரே ஒரு விஷயம்: புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். கையால் மாட்டிவிட்டு, வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். அவசரத்தில் இதை விட்டுவிடும் பட்டறைகள் நிறைய. வீட்டில் செய்வதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபமே இதுதான்.

சத்தம் போய்விட்டது. அலைன்மென்ட் பார்த்ததில் டோ (முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) கொஞ்சம் விலகியிருந்தது, சரி செய்தார்கள்.

கோவை – இன்னோவா

நல்ல பதிவு சார். ஆனால் இன்னோவா வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை அப்படியே செய்யாதீர்கள். இதில் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியில் ஜாக்கி போட்டால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயின்ட்டை இறுக்கமாகவே வைத்திருக்கும். தேய்ந்த ஜாயின்ட்டும் அப்போது புதுசு மாதிரிதான் நிற்கும். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கே கொடுத்துத் தூக்கினால்தான் ஜாயின்ட்டின் மேல் உள்ள சுமை விலகி ஆட்டம் தெரியும். என் வண்டியைப் பழைய கார் வாங்கும்போது பார்த்துத் தந்தவர் பாடியில் தூக்கி ஆட்டிவிட்டு ‘ஏ ஒன்’ என்றார். வாங்கியபின் நான் ஆர்மில் தூக்கிப் பார்த்தேன், கீழ் ஜாயின்ட் இரண்டு பக்கமும் கடகட.

சோதனை மட்டும்தான் வீட்டில் செய்தேன். மாற்றுவதைப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். ஆர்முக்கு அடியில் முட்டு இல்லாமல் ஜாயின்ட்டைப் பிரித்தால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆர்மைப் பிடுங்கி அடித்துவிடும். கால் அங்கே இருந்தால் அவ்வளவுதான். அவர் பக்கத்தில் நின்று பார்த்ததில் திருப்தி.

ஸ்கார்பரோ, கனடா – கொரோலா

உங்கள் ஊரில் துரு எண்ணெய் ஒரு ராத்திரி போதும் போல! இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள். கார் கழுவினாலும் அடிப்பக்கம் துருதான். கொரோலாவில் ஜாயின்ட் தனியாகவே கிடைக்கும், ஆர்மோடு ஒரு போல்ட்டும் இரண்டு நட்டும். கேட்கச் சுலபம். அந்த நட்டுகளின் மூலைகள் கரைந்து ஸ்பேனர் பிடிக்கவே இல்லை. கடைசியில் டார்ச்சால் சூடேற்றித்தான் கழற்ற முடிந்தது. பெட்ரோல் டேங்க் தூரத்தில் இருந்தாலும் ரப்பர் பூட்டும் பிரேக் ஹோஸும் பக்கத்திலேயே இருக்கின்றன, ஈரத்துணி சுற்றிவிட்டுச் செய்யுங்கள்.

மேல் முனை கூம்பு வடிவத் தண்டு, நக்கிளில் சிக்கென்று உட்கார்ந்திருக்கும். நட்டைத் தளர்த்தி, சில மரை பிடிப்பில் விட்டுவிட்டு, நக்கிளின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் அடித்தால் அதிர்ச்சியில் விடும். தண்டின் நுனியில் அடிக்காதீர்கள். கவை மாதிரி ஒரு கருவி கடைகளில் விற்கிறது, ஆனால் அது பூட்டைக் கிழித்துவிடும். தூக்கிப் போடப்போகும் ஜாயின்ட்டுக்கு மட்டும் அது சரி. புதியதை மாட்டும்போது, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னின் ஓட்டை பொருந்தவில்லை என்றால், நட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோங்கள். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது.

யாழ்ப்பாணம் – மொரிஸ் மைனர்

எங்கள் காரில் பால் ஜாயின்ட்டே இல்லை, எழுதலாமா என்று யோசித்தேன். மைனரில் அந்த இடத்தில் கீழே ட்ரனியன் இருக்கிறது. மரை வெட்டிய தண்டு ஒன்று மரை வெட்டிய கூட்டுக்குள் திரும்பும். ஒவ்வொரு முறை ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. கிறீஸ் அடிக்க மறந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு கூட்டை விட்டுக் கழன்று சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். பெரும்பாலும் மெல்ல ஓடும்போது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் நடக்கும் என்பது ஒரு பாக்கியம்.

அப்பா ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் துப்பாக்கியோடு காருக்குக் கீழே படுத்துவிடுவார். பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடிப்பார். கார் இன்னும் ஓடுகிறது. இப்போதைய ஜாயின்ட்டுகளில் கிறீஸ் நிப்பிளே வைப்பதில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சென்னை – ஸ்விஃப்ட் டீசல்

கோவை அண்ணா சொன்னது முக்கியம், நான் எழுதியது ஸ்ட்ரட் உள்ள வண்டிகளுக்கு மட்டும். யாழ்ப்பாணம் அண்ணா, நிப்பிள் உள்ள ஜாயின்ட் சில வண்டிகளுக்கு இன்னும் வெளிச்சந்தையில் கிடைக்கிறது, ஆனால் என் ஆர்மில் இல்லை.

பிஞ்ச் போல்ட்டைத் திரும்பப் போட்டீர்களா என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. தண்டின் பள்ளம் உரசிய தடம் போல்ட்டில் தெரிந்தது, புது போல்ட், புது நட்டுதான் போட்டேன். இறுக்கியது டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. வலது பக்க ஆர்மும் வாங்கி வைத்திருக்கிறேன், அந்தப் பக்க பூட்டிலும் வெடிப்பு விழுந்துவிட்டது.